இல்லத்துக் கழிவும் உயிர்க்காவலும்

துறவியர் கைக்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் இறுதியில் நிற்பது உத்சர்க்க சமிதி. உடற்கழிவையும் சிற்றுயிர்கள் இல்லாத இடம் பார்த்தே நீக்க வேண்டும் என்பது அதன் பொருள். இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. ஆயினும், நாம் எறிவது எங்கே விழுகிறது, எவ்வுயிரைத் துன்புறுத்துகிறது என்று பார்க்கும் கடமை நமக்கும் உண்டன்றோ?

தண்ணீரை வடிகட்டிப் பருகுகிறோம். அதே கையால் காய்த்தோலையும் எஞ்சிய சோற்றையும் பிளாஸ்டிக் பையிலிட்டு, முடிச்சிட்டுத் தெருவில் வைக்கிறோம். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. சோற்று மணத்தை நாடிப் பையோடு விழுங்கிவிடும். அப்பை அதன் முதல் இரைப்பையில் செரிக்காமல் தங்கி, நாளடைவில் தீவனத்துக்கே இடமின்றி அடைத்துக்கொள்ளும். வயிறு பருத்துத் தோன்றும் மாடு பட்டினி கிடக்கும். ஆகவே ஈரக் கழிவைப் பையில் கட்டலாகாது. மூடியுள்ள வாளியில் அப்படியே இடுக. ஆலயத்து மாலைகளையும் சரிகை, பிளாஸ்டிக் நூல் நீக்கிய பின்னரே அதில் சேர்க்கவும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்குவன, மக்காதன, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. இவற்றுள் மக்காதனவற்றில்தான் பலரும் தவறுகின்றனர். பால் உறையின் முனையைத் தனியே நறுக்கி எடுத்தல் கூடாது. அச்சிறு துண்டைப் பொறுக்குவார் எவருமிலர். முனை உறையோடு ஒட்டியிருக்குமாறு வெட்டி, கழுவி, உலர்த்தி வைக்க வேண்டும். கழுவாத உறை எறும்பை அழைக்கும். பிறகு எறும்பு மருந்து தேடுவோம்! எண்ணெய் தோய்ந்த தாள், கூழாக்கும்போது நல்ல தாளையும் கெடுக்கும். அதை ஈரக் கழிவில் இடலாம். காகிதக் கோப்பை பெயரளவில்தான் காகிதம். அதன் உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சே.

அபாயக் கழிவைப் பற்றி அறிவுரை கூற எனக்குத் தகுதி குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் உடைந்த குழல்விளக்கை மற்றக் குப்பையோடு போட்டுவிட்டேன். எங்கள் தெருத் துப்புரவுப் பணியாளரான அம்மையாரின் உள்ளங்கை கிழிந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "கண்ணாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ஐயா" என்றார். அன்று முதல் கண்ணாடிச் சில்லைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே எழுதி, அவர் கையிலேயே கொடுக்கிறேன். குழல்விளக்கில் பாதரசமும் உண்டு. அதனையும் மின்கலம், காலாவதியான மருந்து, ஊசி ஆகியவற்றையும் தனித்தனியே வைத்து ஒப்படைக்க வேண்டும்.

"எருக்குழியில் புழு தோன்றுமே, அது ஹிம்சையன்றோ?" எனச் சிலர் வினவுகின்றனர். நேர்மையான வினா. நாம் குழி தோண்டாவிடினும் அக்கழிவு அழுகும். அழுகும் இடம் மட்டுமே மாறும். காற்றுப் புகாத பெருங்குவியலில் மீத்தேன் வாயு உண்டாகி, தீப்பற்ற ஏதுவாகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்துச் சில நாட்கள் எரிந்தது. அதில் மாண்ட சிற்றுயிர்களை யார் எண்ணினார்? வீட்டுக் குழியில் நாள்தோறும் உலர்ந்த சருகைத் தூவினால் ஈரமும் புழுவும் குறையும். கொதிநீரோ பூச்சிமருந்தோ ஊற்றலாகாது.

இரவு உண்ணாமை மேற்கொண்ட இல்லங்களில் மாலையில் மிஞ்சுவது வீணாகிறது. உலையிடும் அரிசியில் ஒரு கைப்பிடி குறைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வாளி பாதியாயிற்று.