தப்பான ரயிலில் ஏறிவிட்டாயா, முதலில் இறங்கு

பெர்லினுக்கு டிக்கெட் போட்டாச்சு, முதுகுப்பையும் வாங்கியாச்சு என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். என்னென்ன பார்க்க வேண்டும் என்று உன் தோழிகள் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்த ஊர் ரயிலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன். அங்கே மாட்டிக்கொண்டு தவித்தவள் நான்.

பெர்லினின் நடுப்பகுதியைச் சுற்றி வளையம் போல ஒரு ரயில் பாதை ஓடுகிறது, 37 கிலோமீட்டர். எஸ்41 கடிகார முள் போகும் திசையில் சுற்றும், எஸ்42 எதிர்த்திசையில். முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். விடுதிக்குத் திரும்ப சூட்க்ராய்ட்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். அசதி. கண் அசந்தாலும் சுற்றி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பையை மடியில் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். நான் ஏறியது எஸ்46. அதுவும் அதே பிளாட்பாரத்துக்கு வரும், பார்க்கவும் அதே மாதிரி இருக்கும். ஆனால் நொய்க்யோல்ன் தாண்டியதும் வளையத்தை விட்டுப் பிரிந்து, நகர எல்லைக்கு வெளியே கோனிக்ஸ் வூஸ்டர்ஹவுஸன் என்ற ஊரில் போய் நிற்கும். விழித்துப் பார்த்தால் பெட்டியில் நான் ஒருத்திதான்.

அதுவரை பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. பதறிப்போய், திரும்பக் கிளம்பவிருந்த ரயிலில் ஓடி ஏறினேனே, அதுதான் வினை. அங்கே கட்டணம் மண்டலக் கணக்கு. வளையத்துக்குள் ஏ, நகர எல்லை வரை பி, அதற்கு வெளியே சி. என் கையில் இருந்தது ஏபி டிக்கெட். ரயில் நின்றதோ சி மண்டலத்தில். இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் சாதாரண உடையில் இருந்த ஒருவர் எழுந்து, அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். 60 யூரோ அபராதம். ஐந்து நிமிஷம் அந்தப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து யோசித்திருந்தால், அங்கேயே இருந்த இயந்திரத்தில் சரியான டிக்கெட் வாங்கியிருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், தப்பான ரயில் என்று தெரிந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கு. பெஞ்சில் உட்கார், தண்ணீர் குடி. பிறகு பலகையில் இரண்டு விஷயம் பார்: வண்டியின் எண், அது போய்ச் சேரும் கடைசி ஊர். பிளாட்பாரத்தை நம்பாதே, ஒரே பிளாட்பாரத்தில் நாலு தடத்து வண்டி வரும். டிக்கெட் இந்த மண்டலத்துக்குச் செல்லுமா என்றும் பார்த்துவிட்டு ஏறு. எல்லை தாண்டும் முன்பே ஏபி டிக்கெட்டோடு சேர்த்துக்கொள்ளும் நீட்டிப்பு டிக்கெட் வாங்கலாம். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, இறங்கியதும் ஏபிசி டிக்கெட்டாகவே எடு.

டிக்கெட் வாங்கியதோடு வேலை முடியாது. ஸ்டேஷன்களில் நம் மெட்ரோவில் இருப்பது போலத் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, நேராக நடந்து ரயிலில் ஏறிவிடலாம். அதில்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். பிளாட்பாரத்தில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு சின்னப் பெட்டி நிற்கும். ஏறுவதற்கு முன் டிக்கெட்டை அதில் செருகி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம். பேருந்தில் அந்தப் பெட்டி உள்ளேயே இருக்கும். ஒற்றைப் பயண டிக்கெட் குத்திய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில்தான். போன வழியே திரும்பி வர அது உதவாது.

ஊர்ப் பெயர்களும் குழப்பும். ஃபிராங்ஃபுர்ட்டர் டோர் ஒரு ஸ்டேஷன், ஃபிராங்ஃபுர்ட்டர் அலே இன்னொன்று. போட்ஸ்டாமர் பிளாட்ஸ் நகரின் நடுவில் இருக்கிறது, போட்ஸ்டாம் தனி ஊர். விடுதி முகவரியை முழுசாக ஒரு தாளில் எழுதி, ஸ்டேஷன் பெயரோடு சட்டைப் பையில் வை. போன் செத்துப்போகும் நேரம் நமக்குத் தெரியாது.

தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். எஸ்இவி என்று பலகையில் போட்டிருக்கும். ரயில் டிக்கெட்டே அதற்கும் செல்லும், மறுபடி பணம் கொடுக்காதே. நிறுத்தம் ஸ்டேஷன் வாசலில் இல்லாமல் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். அறிவிப்பு புரியாவிட்டால் கூட்டம் போகும் பக்கம் போ. "பிட்டே அலே ஔஸ்ஷ்டைகன்" என்று காதில் விழுந்து எல்லோரும் எழுந்தால், நீயும் இறங்கிவிடு.

மூன்று பேர் போகிறீர்கள், அதனால் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஏறி, மற்றவர்கள் கீழே நிற்கக் கதவு மூடிவிட்டால், ஏறினவள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நகராமல் நிற்க வேண்டும். கீழே நிற்பவர்கள் அதே எண் வண்டியில் பின்னால் வர வேண்டும். இரண்டு பக்கமும் தேடக் கிளம்பினால் ராத்திரி வரை சந்திக்க முடியாது. கதவு தானாகத் திறக்குமென்று காத்திருக்காதே, பொத்தானை அழுத்து.

ஞாயிறு முதல் வியாழன் வரை ராத்திரி ஒரு மணி சுமாருக்கு ரயில் நின்றுவிடும், அதிகாலை நாலரை வாக்கில்தான் மறுபடி ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் விடிய விடிய ஓடும். மற்ற நாளில் இரவுப் பேருந்தைத் தேடு. யு8 ரயில் போகும் வழியில் என்8, யு2 வழியில் என்2.

பையை விட்டுவிட்டு இறங்கினால் தட எண், திசை, இறங்கிய நேரம் மூன்றையும் உடனே குறித்துக்கொள். எஸ் என்று பெயர் தொடங்கும் ரயிலுக்கும் யு என்று தொடங்கும் ரயிலுக்கும் தொலைந்த பொருள் அலுவலகம் வேறு வேறு. பாஸ்போர்ட் மட்டும் அந்தப் பையில் இருக்கவே கூடாது, அது உன் உடம்போடு இருக்கட்டும். ஆபத்து என்றால் 112.

அங்கே கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அம்மாவிடம் சாயங்காலம் ஆறு மணிக்குள் பேசிவிடு, அவளும் நிம்மதியாகத் தூங்குவாள். ராத்திரி பதினொன்றுக்கு வழி தெரியாமல் நின்றால் எனக்குப் போடு. இங்கே இரண்டரை மணியாக இருக்கும், இருக்கட்டும். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன், எந்த ஸ்டேஷன் என்று மட்டும் சொல்லு.