தொண்டர்கள் வருவதும் நிலைப்பதும்

ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு ஒரு பொதுக் காரியத்தைப் பல்லாண்டுகள் நடத்துவது எவ்வாறு என்னும் கேள்வி பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. இம்மாதம் இதற்கு விடையை ஏரிக்கரையில் தேடாமல் கணினித் துறையில் தேடுவோம். அதற்குக் காரணம் உண்டு. மழைச் செய்தியும் சந்தை விலையும் அறிய இன்று குடியானவர்கள் கையாளும் கைப்பேசிகளுள் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அடித்தளமாக இருப்பது லினக்ஸ் என்னும் மென்பொருள். அது திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவ்வகை மென்பொருள்கள் பல, கூலி கேளாத அன்பர்களின் உழைப்பால் எழுந்தவை.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஒரு மென்பொருள் எழுதி வருவதாகப் பலருக்கும் அறிவித்தார். பெருந்திட்டம் எதையும் அவர் விவரிக்கவில்லை. எவ்வெவ் வசதிகள் வேண்டுமென்று கேட்டார். சொல்வதையெல்லாம் செய்து தருவதாக வாக்களிக்க இயலாது என்றும் தெரிவித்தார். அடுத்த மாதமே, குறைகள் நிறைந்திருந்தும், நிரலை வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் தத்தமக்கு இடையூறாக இருந்த குறைகளைத் தாமே திருத்தி அனுப்பலாயினர்.

தொண்டர் பெரும்பாலும் தம் தேவையை முன்னிட்டே வருகிறார் என்பது இதனால் விளங்கும். இதைக் குறையாகக் கருதுவது தவறு. தம் வயலுக்கு நீர் வரும் வாய்க்காலைத் தூர் வாருபவரைச் சுயநலக்காரர் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? வேலை முழுவதையும் முடித்துவிட்டு ஊராரைக் கூப்பிட்டால் அவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள். பாதி நடந்து, மீதி கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கே கை கொடுக்க ஆள் வரும்.

வந்தவரை இருத்துவது அதனினும் கடினம். புதியவர் முதலில் அனுப்புவது பெரும்பாலும் மிகச் சிறிய திருத்தமாக இருக்கும். விளக்கக் குறிப்பில் ஒரு சொற்பிழையாகவும் இருக்கலாம். அதற்குப் பல வாரங்கள் மறுமொழி வராவிடில் அவர் மீண்டும் வரமாட்டார். ஆகையால் நன்கு நடைபெறும் திட்டங்களில், புதியவர்க்கு ஏற்ற எளிய வேலைகளைத் தனியே குறித்து வைக்கிறார்கள். எவ்வாறு எழுதுவது, எவ்வாறு சோதிப்பது, யாரிடம் அனுப்புவது என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி முன்வாயிலிலேயே வைத்துவிடுகிறார்கள். திருத்தத்தை ஏற்க இயலாவிடில் காரணத்தைச் சொல்கிறார்கள். டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய கிட் என்னும் கருவியில், ஒவ்வொரு மாற்றத்துடனும் அதைச் செய்தவர் பெயர் பதிவாகிறது. ஓர் எழுத்தை மட்டும் திருத்தியவர் பெயரும் அவ்வாறே நிற்கும். நம் ஊர்க் கல்வெட்டுகளில் திறந்து வைத்தவர் பெயரைக் காண்கிறோம்; மண் சுமந்தவர் பெயரைக் காண்பது அரிது.

கடுஞ்சொல்லும் தொண்டரை விரட்டும். பிழைபட்ட திருத்தங்களை அனுப்பியோரை டோர்வால்ட்ஸ் நெடுங்காலம் மிகக் கடுமையாக ஏசி வந்தார். 2018 செப்டம்பரில் அதற்காக மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் பணியிலிருந்து விலகி நின்றார். லினக்ஸ் திட்டம் அப்போதே புதிய நடத்தை விதிகளையும் ஏற்றது.

எவர் வருகிறார் என்பதுடன், எவர் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு க்னோம் என்னும் திட்டத்தினர், ஒரு கோடைக்காலப் பயிற்சிக்கு வந்த 181 விண்ணப்பங்களைப் பார்த்தனர். ஒன்றேனும் பெண்களுடையதாக இல்லை. பெண்களுக்கு இதில் விருப்பமில்லை என்று முடிவு கட்டி அவர்கள் வாளாவிருக்கவில்லை. பெண்களுக்கென்றே உதவித்தொகையுடன் தனிப் பயிற்சியை அறிவித்தவுடன் நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அம்முயற்சியே பின்னர் அவுட்ரீச்சி என்னும் பெயரில் விரிவடைந்தது. ஓய்வு நேரம் உள்ளவரே இலவசமாக உழைக்க முடியும். அன்றாடக் கூலிக்குச் செல்பவரைச் சிரமதானத்துக்கு அழைப்போரும் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

மிகுந்த கவனத்துக்குரியவர் பாரம் சுமக்கும் பராமரிப்பாளர். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருள், வலைத்தளங்களில் இரகசியச் செய்திகளைக் காப்பது. உலகின் பெருவணிகம் அதனை நம்பியிருந்தது. ஆயினும் 2014-ஆம் ஆண்டு வரை அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. அவ்வாண்டு ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும்பிழை வெளிப்பட்டது. அதற்குப் பின்னரே பெருநிறுவனங்கள் நிதி கொடுத்தன.

2024-இல் நிகழ்ந்தது இன்னும் கவலைக்குரியது. தகவலைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்.இசட். என்னும் மென்பொருளைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் ஒரே ஒருவர். தாம் சோர்ந்திருப்பதையும், இது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் 2022-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். முன்பின் அறியாத சிலர் வேலை மெதுவாக நடக்கிறதென்று அவரை நெருக்கினர். அதே காலத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, கூட்டுப் பொறுப்பையும் அடைந்தார். ஈராண்டுக்குப்பின் அந்த மென்பொருளுக்குள் ஒரு கள்ள வாயிலை மறைத்து வைத்தார். ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், ஒரு கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்று, தாமே ஆராய்ந்து 2024 மார்ச்சு மாதம் அதனை வெளிப்படுத்தினார். அந்தப் பதிப்பு பெரும்பாலான கணினிகளைச் சென்று சேருமுன்பே தடுக்கப்பட்டது.

சோர்ந்தவர் கௌரவமாக விலகவோ துணை கேட்கவோ ஒரு வழி வேண்டும். 1993-இல் தொடங்கிய டெபியன் என்னும் திட்டத்தில் அத்தகைய ஏற்பாடு உண்டு. தம் பொறுப்பிலுள்ள மென்பொருளைக் கவனிக்க இயலாதவர், 'உதவி தேவை' என்றோ, 'வேறொருவர் ஏற்கலாம்' என்றோ, 'கைவிட்டேன்' என்றோ பொதுப் பட்டியலில் பதியலாம். பட்டியல் எவரும் காணும்படி இருக்கும். ஏற்க விரும்புபவர் அதிலேயே தம் பெயரைப் பதிந்துகொண்டு பணியைத் தொடங்குகிறார்.