முதல் சோலோ ட்ரிப்: திரும்பி வர்ற காசை முதல்ல எடுத்து வைங்க



போன வாரம் ஒரு தம்பி மெயில் பண்ணியிருந்தார். வயசு 24. ஊர் பழவேற்காடு ஏரி பக்கம் ஒரு மீனவ கிராமம், வேலை அம்பத்தூர்ல. கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய், அதுல 9,000 வீட்டுக்குப் போயிடுது. அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, சென்னையைத் தாண்டி எங்கயும் போனதில்ல. தனியா மும்பை பார்த்துட்டு வரணும்னு ரொம்ப நாள் ஆசை. வீட்டுக்குக் காசு அனுப்பற நான் ஊர் சுத்தப் போறது தப்பா? கிரெடிட் கார்டுல போட்டுட்டு அப்புறமா கட்டிக்கலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: தப்பே இல்ல. ரெண்டாவதுக்குப் பதில்: கூடவே கூடாது. ஏன்னு கணக்கோட சொல்றேன். இதே நிலைமையில நிறைய பேர் இருக்கீங்க, உங்க நம்பரைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

நானும் அந்த ஏரிக்கரையில வளர்ந்தவன்தான். அந்த வீட்டு வருமானம் எப்படின்னு தெரியும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்கள்ல 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. ஏரியில எந்த இடத்துல யார் எந்த நாள் வலை போடறதுன்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. நம்ம முறை இல்லாத நாள்ல அந்த இடத்துல வலை போட முடியாது. அதுக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல் எச்சரிக்கை. முகத்துவாரத்துல மண் அடைச்சுக்கிட்டா ஏரியிலயும் மீன் வரத்து குறையும், கடலுக்குப் போட்டு போறதும் கஷ்டம். அந்த மாதிரி மாசத்துல இந்தத் தம்பி அனுப்பற 9,000 தான் வீட்டுல அடுப்பு எரிய வைக்குது. அதனால ட்ரிப் பிளான் மும்பையில ஆரம்பிக்காது, வீட்டுல ஆரம்பிக்குது.

அவருக்கு ரூம், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 9,500 ஆகுது. மிச்சம் 5,500. இதை ரெண்டாப் பிரிக்கச் சொன்னேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூணு மாசமும் 3,000 தனியா எடுத்து வச்சா, மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 9,000 கையில நிக்கும். அது வீட்டுக்கு ஒரு மாச ரிசர்வ். இன்னொரு 2,500 ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் ட்ரிப்புக்கு. ஆறு மாசத்துல 15,000. பயணம் ஜனவரி கடைசியில. அப்ப நம்ம பக்கம் மழை முடிஞ்சிருக்கும், மும்பையிலயும் வெயில் அவ்வளவு இருக்காது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மும்பை மழையில மாட்டிக்காதீங்க.

ஆர்டி போடலாமான்னு கேப்பீங்க. மாசம் 2,500 ஆறு மாசத்துக்குப் போட்டா வட்டி 300 ரூபாய் கூட வராது, நடுவுல டிக்கெட்டுக்குன்னு கொஞ்சம் மட்டும் எடுக்கவும் முடியாது. வேற பேங்க்ல ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட் திறந்து அதுல போடுங்க, போதும்.

இப்ப கிரெடிட் கார்டு. 15,000 ரூபாயை கட்டாம அடுத்த மாசத்துக்குத் தள்ளினா, பல கார்டுகள்ல மாச வட்டி 3.5 சதவீதம். அது 525, அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா கிட்டத்தட்ட 620 ரூபாய். சென்னையில இருந்து மும்பைக்கு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட் ஏறக்குறைய அவ்வளவுதான்! ஒவ்வொரு மாசமும் ஒரு டிக்கெட் வாங்கி கிழிச்சுப் போடற மாதிரி.

செலவு கணக்கு. போறதுக்கு ஸ்லீப்பர், வரும்போது களைப்பா இருக்கும் அதனால தேர்ட் ஏசி: ரெண்டும் சேர்த்து சுமார் 2,150. ஹாஸ்டல்ல டார்ம் பெட் ஒரு ராத்திரிக்கு 800 வச்சா நாலு ராத்திரிக்கு 3,200. சாப்பாடு ரயில் நாளும் சேர்த்து ஏழு நாளுக்கு 3,150. லோக்கல் ட்ரெயின், பஸ், டாக்ஸி 1,250. படகு, டிக்கெட், தங்கச்சிக்கு ஏதாவது வாங்கறது 1,500. மொத்தம் 11,250. மிச்சம் இருக்கிற 3,750-ல 3,500-ஐ தொடவே கூடாது. அதுதான் திரும்பி வர்ற காசு.

எங்கப்பா கடலுக்குப் போறதுக்கு முன்னாடி டீசல் கேனைத் தூக்கிப் பார்ப்பார். போறதுக்கு எவ்வளவு இருக்குன்னு பார்க்க மாட்டார், திரும்பி வர இருக்கான்னுதான் பார்ப்பார். எனக்கு இது புரிஞ்சது 22 வயசுல. ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்ச கையோட மும்பை போனேன். ரெண்டாம் நாள் காலையில லோக்கல் ட்ரெயின் கூட்டத்துல பர்ஸ் போச்சு. ஒரே ஏடிஎம் கார்டு, ஒரே அக்கவுன்ட், காசு எல்லாம் அதே பர்ஸ்ல. சட்டைப் பையில 40 ரூபாய். ஸ்டேஷன் வாசல்ல சைக்கிள்ல இட்லி விக்கிற ஒரு தமிழ் அண்ணன் ரெண்டு இட்லி கொடுத்து, அவர் போன்ல இருந்து வீட்டுக்குப் பேச விட்டார். அப்பா அன்னைக்கு யாருகிட்ட கடன் வாங்கி அனுப்பினார்னு இன்னும் எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரல.

இன்னைக்கு பர்ஸ் இடத்துல போன் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். யுபிஐ, டிக்கெட், மேப் எல்லாம் ஒரே போன்ல. அதனால அந்த 3,500-ல 2,000 ரொக்கமா பேக் அடியில, 1,500 இன்னொரு பேங்க் டெபிட் கார்டுல. அந்தக் கார்டு பர்ஸ்ல இருக்கக் கூடாது. சம்பள அக்கவுன்டை யுபிஐ-ல இருந்து எடுத்துட்டு, ட்ரிப் அக்கவுன்டை மட்டும் இணைச்சு வைங்க. ரயில் டிக்கெட்டும் ஆதார் காப்பியும் பிரின்ட் எடுத்து ரொக்கத்தோட வைங்க. வீட்டு நம்பர் ரெண்டு பேப்பர்ல எழுதி வைங்க, மனப்பாடமா யாருக்கும் இப்ப தெரியறதில்ல. அக்கவுன்ட்ல இருந்து காசு திருடு போனா பேங்குக்கும் 1930-க்கும் உடனே கூப்பிடுங்க. போன் தொலைஞ்சா முதல் வேலை சிம்மை பிளாக் பண்றது.

டிக்கெட் விஷயத்துல ஒண்ணு. 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. ஜனவரி கடைசிப் பயணத்துக்கு நவம்பர் கடைசியில காலையில 8 மணிக்கு உட்காரணும். திரும்பி வர்ற டிக்கெட் அஞ்சு நாள் கழிச்சுத் திறக்கும், அதை மறந்துட்டுப் போறவங்கதான் நிறைய. ஆன்லைன்ல எடுத்த டிக்கெட் முழுசா வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னா தானா கேன்சல் ஆகிடும், அதை வச்சு ஏற முடியாது. கன்ஃபார்ம் ஆன தட்கலை கேன்சல் பண்ணா காசு திரும்ப வராது. புக் பண்ணும்போது 45 பைசா இன்ஷூரன்ஸ் கேட்கும், டிக் பண்ணிடுங்க.

தங்கற இடம் விலையை மட்டும் பார்த்து எடுக்காதீங்க. ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல 800 ரூபாய் பெட், மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற 600 ரூபாய் பெட்டை விட மலிவா முடியலாம். தெற்கு மும்பைக்குள்ள ஆட்டோ கிடையாது, டாக்ஸிதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பில்லுல 12 போட்டிருந்தா கேளுங்க. தனியா போற பொண்ணுங்க, லோக்கல்ல லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்க நிக்கும்னு பிளாட்ஃபார்ம்ல கேட்டுக்கோங்க. யாரா இருந்தாலும் காலை எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் பெரிய பேக்கோட லோக்கல்ல ஏறாதீங்க. என் பர்ஸ் போனது அந்த நேரத்துலதான்.

எல்டிஏ பத்தி ரெண்டு வரி. உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும், அதுலயும் டிக்கெட் செலவுக்கு மட்டும், பழைய வரி முறையில மட்டும்தான் விலக்கு. ஹோட்டல், சாப்பாடு வராது. நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணம், இப்ப நடக்கிறது 2026-2029. இந்தத் தம்பியோட சம்பளத்துக்கு வரியே கிடையாது, அவர் இதுக்காக தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். பழைய முறையில இருக்கிறவங்க டிக்கெட்டைப் பத்திரமா வைங்க.

அவருக்கு நான் சேர்த்த ஒரே இடம் கொலாபாவுல இருக்கிற சஸூன் டாக். 1875-ல கட்டின மீன்பிடித் துறை. விடியக்காலையில போனா கோலி மீனவப் பெண்கள் மீன் ஏலம் எடுக்கிறதைப் பார்க்கலாம். கேட்காம போட்டோ எடுக்காதீங்க. கடலை வேடிக்கை பார்க்கப் போறவங்களுக்கு இது ஒரு இடம், பழவேற்காட்டுப் பையனுக்கு விலை விசாரிக்கற இடம். வீட்டுக்கு போன் போட்டு அப்பாகிட்ட இங்க இறால் விலை என்னன்னு சொல்லலாம்.

பட்ஜெட் ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. காப்பி எடுத்து உங்க நம்பரைப் போடுங்க. 'திரும்பி வர்ற காசு' கட்டம் மட்டும் சிவப்புல, மேல முதல் வரியில இருக்கும். அது காலியா இருந்தா கீழ இருக்கிற எந்தக் கூட்டலும் வேலை செய்யாத மாதிரி ஃபார்முலா போட்டிருக்கேன்.