கத்திரியிலிருந்து மார்கழிக்கு

கேள்வி: ரமலான் நோன்பு ஏன் ஆண்டுதோறும் முன்தள்ளி வருகிறது?
– வாசகர், திண்டிவனம்

பதில்: 2019-ல் உங்கள் ஊரிலும் விழுப்புரத்திலும் கத்திரி வெயிலில் பகலெல்லாம் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நோன்பிருந்து, மஃரிப் பாங்குக்குப் பிறகுதான் பேரீச்சம்பழமும் கஞ்சியும் தொட்டார்கள். 2030 ஜனவரியில் மார்கழிப் பனியில் சஹருக்கு எழுவார்கள். பிறை ஆண்டு 354 அல்லது 355 நாள்; சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. தெலுங்கர்களும் சந்திரக் கணக்குக்காரர்கள்தான். அதிக மாதம் சேர்த்துச் சரிக்கட்டுவதால் யுகாதி பங்குனியை விட்டு அதிகம் நகர்வதில்லை. இஸ்லாமியக் கணக்கில் அதற்கு இடமில்லை. சுமார் 33 ஆண்டில் ரமலான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும்.

29-ம் நாள் மாலை பிறை தெரியாவிட்டால் மாதத்துக்கு 30 நாள். ஆகவே காலண்டர் தேதியை நம்பிப் பெருநாள் பிரியாணிக்கு ஆள் சொல்லிவிடாதீர்கள். தலைமை காஜியின் அறிவிப்பு வரட்டும்.