ஒலிக்கலவையில் கருவிக் குழுக்கள்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நம் முன்னோர் நால்வகையாகப் பகுத்தனர். கருவி எதனால் ஆனது, எவ்வாறு ஒலிக்கிறது என்பதை ஒட்டிய பகுப்பு இது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸரின் முன் அமர்பவருக்கோ வேறொரு பகுப்பு வேண்டும். அதனை நம் ஊர்ப் பெரிய மேளத்தையே சான்றாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவில் அண்ணாமலையாரின் வீதியுலாவில் முழங்கும் நாகசுரமும் தவிலும் நமக்குப் புதியன அல்ல. அத்தகைய குழு ஒன்றைக் கூடத்தில் பதிவு செய்வதாகக் கொள்வோம். நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று, ஒத்து ஒன்று. ஒவ்வொரு தவிலிலும் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்தால் மொத்தம் 8 மைக்குகள் ஆகின்றன. எட்டு ஃபேடர்களையும் ஒருசேர ஏற்றி இறக்க முனைந்தால் கருவிகளுக்கு இடையேயுள்ள அளவு குலைந்துவிடும்.

இங்கேதான் 'பஸ்' உதவுகிறது. 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் குறுக்கமே அது. பலர் ஏறும் பேருந்துக்கு அமைந்த பெயரே, பல ஒலிகள் ஒன்றுசேரும் மின்பாதைக்கும் அமைந்தது. ஒரு குழுவின் மைக்குகள் அனைத்தையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து, அந்தப் பஸ்ஸை முதன்மைப் பாதைக்கு அனுப்பினால், முழுக் குழுவையும் ஒரே ஃபேடரால் ஆளலாம்.

எவற்றை ஒரு குழுவில் சேர்ப்பது? நாகசுரமும் ஒத்தும் துளைக்கருவிகளே. ஆயினும் அவற்றை ஒரே குழுவில் சேர்ப்பது பொருந்தாது என்பது என் கருத்து. நாகசுரம் இராகம் பாடுகிறது; ஒத்து சுருதி காக்கிறது. ஆலாபனைக்காக நாகசுரத்தை உயர்த்தும்போது சுருதியும் உடன் உயரலாகாது. மாறாக, தோலாலான தவிலும் உலோகத்தாலான தாளமும் லயம் என்னும் ஒரே பணியைச் செய்கின்றன. ஆகவே நாகசுரக் குழுவில் 2 மைக், லயக் குழுவில் 5 மைக், சுருதிக்கு 1 மைக் எனப் பிரிப்பேன். எட்டு ஃபேடர்கள் மூன்றாகச் சுருங்கின. தனித்தவில் வரும்போது லயக் குழுவை மட்டும் உயர்த்தினால் போதும். வலந்தலை, தொப்பி விகிதம் மாறாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குழுவுக்கு அனுப்பிய மைக்கை நேரே முதன்மைப் பாதைக்கும் அனுப்பலாகாது. ஒரே ஒலி இருவழியாகச் சேர்ந்து 6 டெசிபல் வரை உயரும்; குழு ஃபேடரை முற்றிலும் இறக்கினாலும் கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்து, நாகசுரத்துக்கு ரிவெர்ப் சேர்த்தால், அந்த ரிவெர்ப்பையும் நாகசுரக் குழுவிலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இல்லையேல் நாகசுரத்தை இறக்கிய பின்பும் அதன் எதிரொலி மட்டும் தனித்து நிற்கும்.

1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு, நான்கு தடங்களே கொண்ட நாடாக் கருவிகளில் பதிவானது. தடங்கள் நிறைந்ததும் அவற்றைக் கலந்து மற்றொரு நாடாவில் சுருக்கினர். அவ்வாறு கலந்த கருவிகளை அன்று மீண்டும் பிரிக்க இயலாது. எனவே எவற்றைச் சேர்ப்பது என்பதை முன்னரே முடிவு செய்தனர். இன்று கணினியில் எத்தனை முறையும் மாற்றலாம். எனினும் அந்த முன்யோசனை இன்றும் வேண்டும்.

வித்வானின் வாசிப்பு ஒருநாள் ஓய்ந்துவிடும், பதிவே எஞ்சும். தவிலின் முழக்கத்தில் நாகசுரத்தின் நுண்ணிய கமகம் மூழ்கிவிட்டால், அப்பதிவைக் கேட்டுப் பயிலும் நாளைய மாணவனுக்கு அக்கமகம் கிட்டாமலே போகும். ஆகவே பதிவில் ஈடுபடும் நண்பர்கள் ஃபேடரைத் தொடுமுன், ஒவ்வொரு கருவியும் அவ்விசையில் செய்யும் பணி யாது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வார்களாக. குழுக்கள் அத்தாளிலேயே அமைந்துவிடும்.