நனைந்த ஏடுகள்



மாத்தளைப் பட்டணத்திலிருந்து தம்புள்ளை வீதியில் சற்றுச் சென்றால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. அதுவரை துறவிகள் அதை மனப்பாடமாகவே காத்துவந்தனர். கொடும் பஞ்சம் வந்தபோது, மனனம் செய்தவர் மாண்டால் நூலும் மாளுமே என்று அஞ்சி எழுதிவைத்தார்கள். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை அந்த விகாரையின் நூலகத்தை அழித்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. பிற விகாரைகளிலும், பர்மாவிலும் சீயத்திலும் பிரதிகள் இருந்தன.

நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பிரதி எங்கே? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஆண்டுதோறும் பங்கேடுகளின் பிரதியை ஆயரகத்துக்கு அனுப்பப் பணித்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அக்கட்டாயம் இல்லை. அது நீங்கியது நட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோட்டத்து மக்களுக்குக் கடதாசியின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரசாவுரிமை கோரிய இந்திய வம்சாவளியினர், 1946க்கு முன் ஏழாண்டு அல்லது பத்தாண்டு இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. சான்று காட்ட இயலாமல் தள்ளப்பட்ட மனுக்கள் பல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மாவட்டத்திலும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. மழை மீண்டும் வரும். ஆகவே நனைந்த ஏட்டை என்ன செய்வது என்று இப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

இளங்குருவாய் இருந்தபோது நனைந்த திருமண ஏடொன்றை நாங்கள் வெயிலில் காயவைத்தோம். தாள்கள் அப்பளம்போல் நெளிந்து, ஓரங்கள் நொறுங்கின. வெயிலும் நெருப்பும் இஸ்திரிப்பெட்டியும் ஆகாது. நிழலில், காற்றோட்டத்தில், ஏட்டை நிமிர்த்தி இலேசாக விரித்து வையுங்கள். இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரமானதும் மாற்றுங்கள். மின்விசிறி சுழலட்டும், ஆனால் காற்று நேரே ஏட்டின்மேல் அடிக்கக்கூடாது. ஒட்டிய தாள்களைப் பிய்க்காதீர்கள். பழைய மை கரையும். எனவே கையெழுத்து ஏட்டின் சேற்றைக் கழுவாதீர்கள், காய்ந்தபின் மென்தூரிகையால் தட்டிவிடலாம்.

இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் உலர்த்த முடியாதென்றால் பொலித்தீனில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பெரிய நூலகங்களும் இதையே செய்கின்றன. உறைந்த ஏடு வாரக்கணக்கில் காத்திருக்கும், பூஞ்சணம் காத்திருக்காது.

ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களைக் காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் இட்டு, தாமாகப் பிரிந்ததும் படம் மேலாக வைத்து உலர்த்துங்கள்.

வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் றங்குப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தால் இன்றே மேலே ஏற்றுங்கள். பிறப்புச் சான்றிதழையும் உறுதிகளையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பங்கேடுகளைப் படமெடுப்பதானால் முதலில் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவற்றில் பிறர் குடும்பத்துச் சங்கதிகளும் உண்டல்லவா?