ஜீப்பைத் தின்னும் உப்பு

பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்துச் சாலைகளில் உப்பைத் தூவிப் பனியை உருக்குவர். அவ்வுப்பே வண்டிகளின் அடிப்பாகத்தை அரிக்கும். நான் குடியேறி வாழும் பாம்பூஃப்ளாட்டில் பனி இல்லை. ஆயினும் கடற்காற்று ஆண்டு முழுவதும் அவ்வேலையைச் செய்கிறது; மே முதல் டிசம்பர் வரை இருபருவ மழையும் அதற்குத் துணை.

துரு என்பது யாது? இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடிப் பிறப்பது. உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால் அவ்வினை விரைவுறுகிறது. உப்பு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே மழையற்ற நாளிலும் அரிப்பு ஓய்வதில்லை.

சாத்தம் துறையிலிருந்து வண்டிப்படகில் வந்திறங்கும் ஜீப்புகளின் மேற்புறம் பளபளக்கலாம். துருவோ அடிச்சட்டத்தின் உட்புறத்திலும், சேறு தங்கும் இடுக்குகளிலும், பிரேக் குழாயிலும் ஒளிந்திருக்கும். அக்குழாய் அரித்து உடைந்தால் மலைச்சாலை இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து.

நண்பர்களே, காக்கும் முறையில் வரிசையே முக்கியம். முதலில் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவ வேண்டும். பின் நன்கு உலர்த்த வேண்டும். துருவைச் சுரண்டி, வெற்றிரும்பின்மேல் துத்தநாகப் பெயின்ட் பூச வேண்டும். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். சட்டத்தின் உட்குழிவுகளில் துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்கலாம். பிரேக்கின் உராயும் பாகங்களில் மட்டும் அது படலாகாது.

கழுவாமல் உப்பின்மேல் பூசுவது, கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதாகும்.